84,500 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டேன். டாக் ஐசி வாங்கப் போகிறவர்கள் இதைப் படியுங்கள்

நேற்று ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. காலையில் கடையைத் திறந்து, பாதி இறக்கிய ஷட்டருக்குள் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன காசு 84,500 ரூபாய். தோட்டத்தில் ஒரு ஆளின் ஒரு நாள் வேலையைத்தான் 'பேர்' என்போம். 2024-இல் வந்த சம்பளப்படி ஒரு பேருக்கு 1,350 ரூபாய் என்று கணக்குப் போட்டால் 62 முழுப் பேர். என் அம்மா கொழுந்துக் கூடை சுமந்த காலத்தில் இருந்து எனக்குக் காசைப் பேர்க் கணக்கில் பார்த்துத்தான் பழக்கம். அதனால்தான் இவ்வளவு எரிகிறது.

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் சின்னதாக ஒரு ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பின்னேரங்களில் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து ஏஎல் (உயர்தரப் பரீட்சை) முடித்த பையன்கள் சிலர் சோல்டரிங் பழக வருவார்கள். அவர்களுக்காகத்தான் ஒன்றரை வருஷமாக ஒரு டாக் கிட் செய்து வந்தேன். டாக் என்றால், போனிலும் கம்ப்யூட்டரிலும் எண்களாகக் கிடக்கும் பாட்டை ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் மின் அலையாக மாற்றிக் கொடுக்கிற சர்க்யூட். ஒரு சிடியில் ஒரு செக்கனுக்கு, ஒரு சேனலுக்கு, 44,100 எண்கள் இருக்கின்றன. அவ்வளவையும் சரியான நேரத்தில் சரியான அளவுக்கு மாற்ற வேண்டும்.

முதலில் பிசிஎம்5102ஏ என்ற ஐசியில், அதாவது ஒரு முழுச் சர்க்யூட்டையே உள்ளே அடக்கிய சின்னச் சில்லில், செய்தேன். அதற்குத் தாளம் தருகிற மாஸ்டர் கிளாக் கூடத் தனியாக வேண்டாம், உள்ளேயே உண்டாக்கிக்கொள்ளும். 2.1 வோல்ட் வெளியீட்டை நேரடியாகவே கொடுத்துவிடும். நன்றாகப் பாடியது. ஆனால் பையன்களுக்குக் கற்றுக்கொடுக்க அதில் ஒன்றும் இல்லை. எல்லா வேலையும் ஐசிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, வெளியே நாலு கெபாசிட்டரைத் தவிர தொடுவதற்கு எதுவும் கிடையாது. அதனால் பிசிஎம்1794ஏ-க்கு மாறினேன். அது மின்னழுத்தம் கொடுக்காது, மின்னோட்டம்தான் கொடுக்கும். அதை மின்னழுத்தமாக மாற்ற வெளியே ஓப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சின்ன ஐசி) போட்டு ஐ-வி ஸ்டேஜ் கட்ட வேண்டும், அப்புறம் எதிரெதிராக வரும் இரண்டு பக்கச் சிக்னலையும் கழித்து ஒன்றாக்கும் ஸ்டேஜ், அப்புறம் ஃபில்டர். கையால் கட்டிப் பார்த்துப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல ஐசி எனக்குத் தெரியவில்லை. போர்டை நாலு தடவை மாற்றி வரைந்தேன். முதல் போர்டில் டிரான்ஸ்ஃபார்மரை ஐ-வி ஸ்டேஜ் பக்கத்தில் வைத்து, ம்ம் என்று ஒரே ஹம். இரண்டாவதில் கிரவுண்ட் ஓட்டம் பிழை. நாலாவது போர்டில் ஆம்ப்ளிஃபையரின் வால்யூமை முழுதாகத் திறந்து வைத்தாலும் பாட்டு ஓடாதபோது ஸ்பீக்கரில் காதை ஒட்டினால்தான் ஏதோ இரைச்சல் கேட்டது. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

மாதிரி போர்டில் இருந்த ஐசி, முன்பு ஒரு நண்பர் வெளிநாட்டில் இருந்து வரும்போது முறையான விநியோகஸ்தரிடம் வாங்கி வந்தது. இது முக்கியம், பின்னால் சொல்கிறேன்.

சரி, 20 கிட் போடலாம் என்று முடிவு செய்தேன். 12 பேர் ஆளுக்கு 5,000 ரூபாய் முற்பணம் தந்தார்கள், 60,000 ஆயிற்று. மீதி 24,500 நான் சீட்டு எடுத்த காசு. 20 ஐசி, ஒன்று 3,100 ரூபாய். 60 ஓப்-ஆம்ப், ஒன்று 375 ரூபாய். கூட்டிப் பாருங்கள், 84,500.

விற்றவர் ஒரு ஆன்லைன் சந்தைத் தளத்தில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். தளத்தின் பெயரோ கடையின் பெயரோ இங்கே போடவில்லை. அந்தக் கடையில் ஒரு தடவை ரெசிஸ்டர், கனெக்டர் வாங்கியிருந்தேன், பிழை சொல்ல முடியாத சாமான். அந்த நம்பிக்கையில்தான் பெரிய ஆர்டரைக் கேட்டேன். அவரே போன் எடுத்தார். தமிழ்தான். "அண்ணே, ஐ-வி ஸ்டேஜுக்கு என்ன ஓப்-ஆம்ப் போடுறீங்க? அனலாக் சப்ளைக்குத் தனி ரெகுலேட்டர் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். எனக்கு அப்படியே மனசு இளகிவிட்டது. இந்த ஊரில் இதைப் பற்றி என்னிடம் கேட்கத் தெரிந்த ஆள் யாரும் இல்லை. அரை மணி நேரம் பேசினோம். வெளியே மழை, தகரத்தில் விழுகிற சத்தத்தில் அவர் சொல்வது சரியாகக் கேட்காமல் காதில் போனை அழுத்திக்கொண்டு நின்றேன். கடைசியில் சொன்னார்: "நானும் பண்டாரவளைப் பக்கம்தான் அண்ணே. நம்ம ஆளுங்களுக்கே டூப்ளிகேட் குடுப்பேனா?"

அந்த ஒரு வார்த்தையில்தான் விழுந்தேன்.

பிறகு ஐசிகள் சுற்றி வரும் ரீலின் லேபிளைக் காட்டி ஒரு வீடியோ அனுப்பினார். "தளத்தில ஆர்டர் போட்டா கமிஷன் வெட்டுவாங்க, பேங்க்ல போட்டுடுங்க, கூரியர் காசு நான் பார்த்துக்கிறேன்" என்றார். போட்டேன். ஸ்லிப்பைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் கும்பிடு போட்டுப் பதில் வந்தது.

பார்சல் ஒன்பதாம் நாள் வந்தது. இந்த ஐசிக்கு 28 கால், ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் நடுவே 0.65 மில்லிமீட்டர்தான். பழகுகிற பையன்களால் முடியாது என்று ஐசியை மட்டும் நானே ஒட்டிக் கொடுப்பதாக ஏற்பாடு. அன்று ராத்திரியே 6 போர்டில் ஒட்டினேன். இரண்டு போர்டில் சத்தமே இல்லை. நாலு பாடியது. பாட்டும் கேட்க நன்றாகவே இருந்தது. ஆனால் ஏதோ ஒன்று இடித்தது. வால்யூம் குமிழைக் கடிகார முள்ளாக நினைத்தால், மாதிரி போர்டில் பத்து மணி நிலையில் வைக்கிறதை இதில் ஒரு மணி நிலைக்குத் திருப்ப வேண்டியிருந்தது.

மின் அலையைத் திரையில் காட்டும் பழைய ஆசிலாஸ்கோப்பை எடுத்தேன். 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை முழு அளவில் கொடுத்தேன். 1794ஏ-யின் டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) முழு வெளியீடு உச்சிக்கு உச்சி 7.8 மில்லி ஆம்பியர். என் ஐ-வி ரெசிஸ்டர் 750 ஓம். பெருக்கினால் 5.85 வோல்ட். மாதிரி போர்டில் அச்சொட்டாக அதுதான் வருகிறது. புதிய நாலிலும் வந்தது 3 வோல்ட். முதலில் என் மேல்தான் சந்தேகம், ரெசிஸ்டரைக் கழற்றி அளந்தேன், சப்ளையை அளந்தேன், போர்டுக்குப் போர்டு சிக்னலை மாற்றிக் கொடுத்தேன். விடிய இரண்டு மணிக்குத்தான் புத்தியில் பட்டது. இதே வரிசையில் பிசிஎம்1798 என்று ஒரு ஐசி இருக்கிறது. கால்கள் எல்லாம் அதே இடம், விலை குறைவு, தரம் ஒரு படி கீழே. அதன் முழு வெளியீடு 4 மில்லி ஆம்பியர். 750-ஆல் பெருக்கினால் சரியாக 3 வோல்ட்.

ஒட்டாமல் மீதம் இருந்த ஒன்றை எடுத்து, பஞ்சில் அசிட்டோன் நனைத்து மேலே தேய்த்தேன். பஞ்சு கறுத்தது. எழுத்து போனது. அடியில் சாணைக்கல்லில் தேய்த்தது போல ஒரே திசையில் கீறல். ஒட்டாத மற்ற 13-ஐயும் துடைத்தேன். எல்லாவற்றிலும் கறுப்பு. அந்த நாலும் 1798 தான் என்று நான் நினைக்கிறேன், சத்தம் வராத இரண்டும் என்ன எழவோ தெரியாது. ஆனால் பழைய எழுத்தைத் தேய்த்துவிட்டு, கறுப்பு பூசி, மேலே புதுப் பெயர் அடித்திருக்கிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. ஓப்-ஆம்ப் 60-லும் லாட் நம்பர் ஒன்று, காலின் பளபளப்பு இரண்டு விதம். அதை இனி யாருக்கும் நம்பிக் கொடுக்க முடியாது. மொத்தம் 84,500-ம் போன மாதிரிதான்.

காலையில் போன் செய்தேன். முதல் நாள் பதில்: "அண்ணே, சோல்டர் பண்ணும்போது சூடு கூடியிருக்கும்." நான் இருபது வருஷமாக சோல்டரிங் இரும்பு பிடிக்கிறவன். சூடு கூடினால் நாலு ஐசியும் ஒரே அளவாகப் பாதிக்குப் பாதி குறையுமா? அதைக் கேட்டதும், "பாடுது இல்ல? பாடுறதை வச்சுக்கங்க" என்றார். இரண்டாம் நாள், "உங்க ஊர் ஈரத்துக்கு ஐசி அப்படித்தான் ஆகும்" என்றார். தானும் மலைநாட்டில், பண்டாரவளைக்காரர் என்று சொன்னவர் ஹட்டன் ஈரத்தைக் குறை சொல்கிறார். மாதிரி போர்டு அதே மேசையில், அதே பனியில் இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டது. மூன்றாம் நாள், "சப்ளையர்கிட்ட கேட்டிருக்கேன்". நாலாம் நாள், "ஒட்டின ஐசி, எழுத்து அழிச்ச ஐசி ரெண்டும் திரும்ப எடுக்கிறதில்லை". எழுத்தை அழித்தது நானாம். அந்தப் பேச்சைக் கேட்டபோது வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது. அஞ்சாம் நாளில் இருந்து நீல டிக் மட்டும். நேற்று அதுவும் இல்லை, என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

தளத்துக்கு எழுதினேன். "கட்டணம் எங்கள் வழியாகச் செலுத்தப்படவில்லை, எனவே எங்களால் தலையிட முடியாது" என்று இரண்டு வரிப் பதில். கமிஷன் மிச்சம் என்று அவர் சொன்னது எதற்காக என்பது அப்போதுதான் விளங்கியது.

காசு போனதை விட, அந்தப் பையன்களை நினைத்தால்தான் தொண்டை அடைக்கிறது. ஒருவன் டயகமவில் இருந்து பஸ் ஏறி வருகிறான். அவன் தந்த 5,000, அக்கா கொழும்பில் வேலை செய்து அனுப்பிய காசு. 12 பேரின் முற்பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுவேன், அது என் பொறுப்பு. ஒன்பது பேருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். யாரும் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. மூன்று பேருக்கு இன்னும் சொல்ல வாய் வரவில்லை.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது மனசு ஒரு நிலையில் இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். தளத்துக்கு வெளியே காசு போடாதீர்கள், கூரியர் இலவசம் என்றாலும் போடாதீர்கள். 20 தேவை என்றால் முதலில் ஒன்று வாங்கி, துடைத்து, ஒட்டி, அளந்து பாருங்கள். ஆசிலாஸ்கோப் இல்லாதவர்கள் மல்டிமீட்டர் போதும்: உண்மையான 1794ஏ என்றால் சிக்னல் இல்லாதபோதும் 6.2 மில்லி ஆம்பியர் ஓடும், 750 ஓம் போட்ட ஐ-வி ஓப்-ஆம்பின் வெளியீட்டில் டிசி 4.65 வோல்ட் அளவில் நிற்க வேண்டும். 2.6 பக்கம் நின்றால் அது வேறு ஐசி. பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், நான் எடுக்கவில்லை. ஸ்லிப், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். நுகர்வோர் அதிகாரசபையின் இலக்கம் 1977, நான் இன்றைக்கே எழுத்தில் முறைப்பாடு கொடுக்கப் போகிறேன்.

அண்மையில் "நம்ம ஆளு" என்று பேசி, ஐ-வி ஸ்டேஜைப் பற்றி விசாரித்து, பேங்கில் காசு போடச் சொன்ன ஒருவரிடம் ஐசி வாங்கியவர்கள் இருந்தால், ஒட்டுவதற்கு முன்னால் இன்றைக்கே பஞ்சும் அசிட்டோனும் எடுத்து ஒன்றைத் துடைத்துப் பாருங்கள். கறுப்பு வந்தால் எனக்கும் சொல்லுங்கள், முறைப்பாட்டில் இரண்டு பேராகப் போவோம்.