வில்லிஸ் ஜீப்: 6 வோல்ற்றா, 12 வோல்ற்றா?

உலகப்போர்க் கால வில்லிஸ் எம்பி ஆலையிலிருந்து 6 வோல்ற்றில்தான் வந்தது. அப்படியே விட்டால் அசல் கெடாது. ஆனால் அதே வலுவுக்கு இரண்டு மடங்கு மின்னோட்டம் ஓடும். இப்போதைய காருக்குரிய மெல்லிய கேபிளைப் போட்டால் ஸ்ராட்டர் முனகும், பழி பற்றரிக்கு. 50 சதுர மில்லிமீற்றர் செப்புக் கேபிள் போடுங்கோ. எர்த் (மின்னோட்டம் வண்டியின் இரும்பு வழியே பற்றரிக்குத் திரும்பும் இணைப்பு) பிடிக்கும் இடத்தில் பெயின்ற்றை இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கோ. எஞ்சின் றப்பரில் இருப்பதால் சேசிஸுக்கும் எஞ்சினுக்கும் இடையில் எர்த் பட்டி கட்டாயம்.

வன்னி வீதியில் நாளாந்தம் ஓட்ட 12 வோல்ற்தான் வசதி; கிளிநொச்சியில் பற்றரி உடனே எடுக்கலாம். ஆனால் பல்பு, கொயில், ஹோர்ன் எல்லாம் மாறவேணும், டைனமோவுக்குப் பதில் ஒல்டனேற்றர், பெற்றோல் மீற்றருக்கு வோல்ற் குறைப்பான். பழைய 6 வோல்ற் ஸ்ராட்டர் 12 வோல்ற்றைச் சிறிது நேரம் தாங்கும். ஐந்து செக்கனுக்கு மேல் அழுத்தினால் சூடேறி அதன் சுருள் கருகலாம். ஸ்ராட்டரின் சிறு பல்சில்லு வேகமாகச் சுற்றிப் பாய்வதால், அது கொழுவும் பிளைவீலின் (எஞ்சினின் கனச் சில்லு) பல்லும் தேயும்.