போர்வையா, பெல்ட்டா?

ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போகும் கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவுகள். கூடலூர் பக்கம் மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறி விழுகிறவர்கள் வேறு. இடுப்பெலும்பு உடைந்தவருக்கு வெளியே ஒரு சொட்டு ரத்தம்கூடத் தெரியாமல் உள்ளே லிட்டர் கணக்கில் கசியலாம். விரிந்துபோன எலும்பை நெருக்கிக் கட்டினால் கசிவு மட்டுப்படும். எதைக் கொண்டு கட்டுவது?

எல்லா லயத்திலும், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலும், இருப்பது போர்வை. ஒரு முழத்துக்குள் அகலம் வருமாறு மடித்து, முழங்காலுக்கு அடியில் நுழைத்து மேலே நகர்த்தி, இரண்டு பேர் எதிரெதிராக இழுத்து முறுக்க வேண்டும். காசு செலவில்லை. ஆனால் எவ்வளவு இறுக்கினோம் என்பது கைக்குத்தான் வெளிச்சம்; முடிச்சோ வளைவுக்கு வளைவு தளரும்.

சாம் ஸ்லிங் என்ற கொக்கி வைத்த ரெடிமேட் இடுப்புப் பட்டை இந்தக் குறையைத்தான் தீர்க்கிறது. பட்டையை இழுத்தால் சுமார் 150 நியூட்டன் விசையில் கொக்கி 'டிக்' என்று நின்றுவிடும். மழையில், டார்ச் வெளிச்சத்தில், கை நடுங்கும்போது அந்தச் சத்தம் பெரிய ஆறுதல். விலைதான் கசக்கிறது.

டி-பாட் இன்னொரு ரெடிமேட் பெல்ட். அதை ஆளுக்கேற்றபடி வெட்டி, முன்னால் ஆறேழு அங்குலம் இடைவெளி விட்டு, கயிற்றை இழுத்து இறுக்க வேண்டும். ஒல்லி, பருமன் எல்லோருக்கும் ஒரே பெல்ட். ஆஸ்பத்திரி மேசையில் அருமையான சாமான். சரிவில் கத்தரி தேட எனக்குப் பொறுமை இல்லை.

ஆம்புலன்ஸுக்கும் ஜீப்புக்கும் என் ஓட்டு ஸ்லிங்குக்கு. தோட்டத்து மருந்தகத்துக்குப் போர்வையும் முறுக்கியதைத் தளராமல் பிடிக்க நாலு கிளிப்பும் போதும், கட்டிப் பழகியிருந்தால். ஒரு தோட்டத்தில் வாங்கிய பெல்ட் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. சாவி தோட்டத்துக் கணக்கர் (ரைட்டர்) வீட்டில்!

எதைக் கட்டினாலும் இடம் தப்பக்கூடாது. பயிற்சியில் பாதிப்பேர் வேட்டி கட்டும் இடத்தில் கட்டுகிறார்கள், அது மேலே. பேன்ட் பாக்கெட்டில் கை விட்டால் தொடையின் பக்கவாட்டில் தட்டுப்படும் குமிழ் எலும்பு, அதன் மட்டத்தில் கட்ட வேண்டும். முதலில் பாக்கெட்டில் உள்ள போன், சாவியை எடுங்கள். முழங்கால்களைச் சேர்த்துக் கட்டுங்கள். எலும்பு ஆடுகிறதா என்று இடுப்பைப் பிடித்து அசைத்துப் பார்க்கவே வேண்டாம். கட்டிய நேரத்தைப் பெல்ட்டின் மேலேயே எழுதிவிடுங்கள். கோயம்புத்தூர் போய்ச் சேர மணிக்கணக்காகும், அதிக நேரம் இறுக்கினால் தோல் புண்ணாகும், எப்போது அவிழ்ப்பது என்று அங்கே டாக்டர் முடிவு செய்வார்.