ஸ்பிரிங் பிராக்ஸி: பீன் பிறந்து முடியும் வரை காவல் இல்லை

ஜாவா மொழிக்கான ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க்கின் மெத்தட் இடைமறிப்பை (ஒரு மெத்தட் அழைப்பின் முன்னும் பின்னும் வேறு வேலையைச் செருகும் வசதியை) நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒரு மெத்தடின் மேல் டிரான்சாக்‌ஷனல் என்ற அனொட்டேஷனை (குறிப்பை) எழுதிவிட்டால், முழுதாக நடக்கவோ எதுவுமே நடக்காமல் போகவோ வேண்டிய டேட்டாபேஸ் வேலைத் தொகுப்பான டிரான்சாக்‌ஷனைத் தொடங்குவது, முடிப்பது, ரன்டைம் பிழை எழுந்தால் ரோல்பேக் செய்வது (மாற்றங்களைத் திரும்பப் பெறுவது) ஆகியவற்றை அசல் பொருளின் முன் நிற்கும் இடையாளான பிராக்ஸியே கவனித்துக்கொள்கிறது. இயங்கும் நேரத்தில் இதைவிட நிம்மதியான ஏற்பாட்டை நான் கண்டதில்லை. என் மனக்குறை அதற்கு முந்தைய கட்டத்தைப் பற்றியது.

ஸ்பிரிங் வழக்கமாக முதலில் அசல் பீனின் (ஸ்பிரிங் உருவாக்கி நிர்வகிக்கும் பொருளின்) கன்ஸ்ட்ரக்டரை, அதாவது பொருளை உருவாக்கும் நிரலை, அழைத்து, அதற்கு வேண்டிய சார்புகளை (அது நம்பியிருக்கும் பிற பொருள்களை) செலுத்தி, அதன் பின் ஓட வேண்டிய போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் என்ற தொடக்க மெத்தடையும் ஓட்டி முடித்த பிறகுதான் அதைச் சுற்றிப் பிராக்ஸியை அமைக்கிறது. எனவே அந்த மெத்தடின் மேல் டிரான்சாக்‌ஷனல் என்று எழுதினாலும் டிரான்சாக்‌ஷன் எதுவும் தொடங்காது. செயலியும் புகார் ஏதுமின்றி எழுந்து நிற்கும். ஒவ்வொரு கட்டளையும் உடனே நிலையாகப் பதிவாகும் ஜேடிபிசி (ஜாவாவின் டேட்டாபேஸ் இணைப்பு) ஆட்டோகமிட் நிலையில் 100 வரிகளைப் பதியும் தொடக்க வேலை 60-ஆவது வரியில் முறிந்தால், முந்தைய 59 வரிகளும் டேட்டாபேஸில் அப்படியே தங்கிவிடும். அதிகாரபூர்வ ஆவணம் இதைப் பற்றி எச்சரிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் பொருளற்ற இடத்தில் அனொட்டேஷன் கிடப்பதைக் கண்டால் தொடக்கத்திலேயே நிறுத்திப் பிழை சொல்வதுதான் முறை என்பது என் உறுதியான கருத்து.

2013-இல் வந்த ஸ்பிரிங் 4.0 பதிப்பு ஒரு பழைய தொல்லையைத் தீர்த்தது. அதற்கு முன் சிஜிலிப் நூலகம் கொண்டு துணை வகுப்பாக ஆக்கப்படும் பிராக்ஸியை உருவாக்கும்போது கன்ஸ்ட்ரக்டர் இரண்டாம் முறையும் ஓடும். இப்போது ஆப்ஜெனிசிஸ் நூலகம் கன்ஸ்ட்ரக்டரைத் தொடாமலே பிராக்ஸியைப் படைக்கிறது. இதற்கும் ஒரு விலை உண்டு. ஃபைனல் (துணை வகுப்பு மாற்றி எழுதக் கூடாது என்று குறித்த) மெத்தடைப் பிராக்ஸியால் மேலெழுத முடியாததால், அந்த அழைப்பு அசல் பீனுக்குப் போகாமல், புலங்கள் எல்லாம் மதிப்பின்றி ‘நல்’ (null) நிலையில் கிடக்கும் பிராக்ஸியின் மீதே ஓடி, நல்பாயின்டர் பிழையில் முடியக்கூடும். கன்ஸ்ட்ரக்டரில் சரியாக மதிப்பு கொடுத்த புலம் எப்படி ‘நல்’ ஆயிற்று என்று தேடுபவரின் தவிப்பு எனக்குப் புரிகிறது.

கூகுளின் கைஸ் என்ற இதே வகை ஃபிரேம்வொர்க் வேறு வழியில் செல்கிறது: துணை வகுப்பை உருவாக்கி, அதன் பொருளையே நேராகத் தருவதால், ஒரு மெத்தட் தன் வகுப்பின் இன்னொரு மெத்தடை அழைத்தாலும் இடைமறிப்பு நடக்கும். ஆனால் அந்தப் பொருளைக் கைஸே கட்டியிருக்க வேண்டும்.

ஸ்பிரிங்கை நான் இன்னும் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். தொடக்கத் தரவுப் பதிவை மட்டும் போஸ்ட்கன்ஸ்ட்ரக்டில் வைக்காமல், டிரான்சாக்‌ஷன்டெம்ப்ளேட் என்ற ஸ்பிரிங் வகுப்பைக் கொண்டு வெளிப்படையாக எழுதுங்கள். ஸ்பிரிங் பூட் பயன்படுத்துவோர் அதை, செயலி தயாரானதும் எழும் அப்ளிகேஷன்ரெடி நிகழ்வுக்குத் தள்ளிவைக்கலாம்.