அன்கி ஆப்: அரியர் முடிந்தும் அழிக்காத ஒன்று

பி.பார்ம் இரண்டாம் வருஷம் பார்மகாலஜியில் (மருந்து உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்ற பாடம்) அரியர் விழுந்த கடுப்பில், மனப்பாடம் செய்ய இறக்கிய ஆப் இது. அரியர் அடுத்த செமஸ்டரிலேயே முடிந்துவிட்டது, ஆப் இன்னும் போனில் இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கூட்டமில்லாத மத்தியானங்களில் பத்து நிமிஷம் தள்ளிவிடுகிறேன்.

ஒவ்வொரு கார்டிலும் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில், அவ்வளவுதான். சரியாகச் சொன்னால் அந்த கார்டு நாலு நாள், பத்து நாள், ஒரு மாதம் என்று தள்ளிப் போய் வரும், மறந்திருந்தால் உடனே திரும்ப வந்து நிற்கும். 2006-ல் வந்தது, அதன் முகத்தைப் பார்த்தாலே வயசு தெரியும்.

நான் முதலில் செய்த முட்டாள்தனம், யாரோ போட்டு வைத்திருந்த அமெரிக்க கார்டுகளை அப்படியே இறக்கியது. அசிட்டமினோஃபென், ஆல்புடெரால் என்று வரும். அதே மருந்துகள்தான், ஆனால் நம் கடையில் பாராசிட்டமால், சால்புடமால் என்ற பெயர் தவிர யார் என்ன கேட்கப் போகிறார்கள்? எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அன்றன்று எனக்குத் தெரியாமல் முழித்ததை மட்டும் நானே கார்டாகப் போட ஆரம்பித்தேன், அப்புறம்தான் பிடிபட்டது.

ஒரு நாள் பெரியவர் ஒருவர் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் சீட்டோடு வந்தார். காசு எடுக்க மஞ்சள் பையைத் திறந்தபோது உள்ளே வார்ஃபரின், அதாவது ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, அட்டை தெரிந்தது. இரண்டும் சேர்ந்தால் வார்ஃபரினின் வேகம் கூடி ரத்தக்கசிவு வரை போகும் என்ற கார்டை அந்த வாரம்தான் இரண்டு முறை தப்பாகச் சொல்லியிருந்தேன். “ஐயா, ஒரு நிமிஷம் இருங்க, டாக்டர்ட்ட கேட்டுட்டுத் தரேன்” என்று போன் போட்டேன். மருந்தை மாற்றிச் சொன்னார்.

குறை இல்லாமல் இல்லை. அக்கா கல்யாணத்துக்கு இரண்டு வாரம் தொடாமல் விட்டு, திரும்பத் திறந்தால் 412 கார்டு காத்திருந்தது, ஆப்பையே தூக்கிவிடலாமா என்று தோன்றியது. அதைவிடப் பெரிய சிக்கல், தப்பையும் இது அதே அக்கறையோடு மனசில் ஏற்றிவிடும். நிமெசுலைடு என்ற வலி, காய்ச்சல் மருந்தை 12 வயசுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று 2011-லேயே தடை வந்தாயிற்று. சீனியரின் பழைய நோட்ஸை வைத்து கார்டு போட்ட என் நண்பன் குழந்தைக்கான டோஸை அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பான். அதனால் ஒவ்வொரு கார்டின் பின்னாலும் தேதி போட்டு வைக்கிறேன், பழையது வந்தால் ஒரு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவது.

கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஆண்ட்ராய்டில் பெயர் அன்கிட்ராய்டு. ஐபோனில் மட்டும் காசு, கிட்டத்தட்ட 25 டாலர், அது அநியாயம். கிட்டத்தட்ட இதே பெயரில் வேறு ஆப்களும் உலவுகின்றன, பார்த்து இறக்குங்கள்.

என் மார்க் ஐந்துக்கு நாலு. இந்த வருஷம் தம்பியும் பி.பார்ம் சேர்ந்திருக்கிறான், தினம் 20 புது கார்டு என்று இருந்ததை 5 ஆக்கி அவன் போனிலும் ஏற்றிக் கொடுத்தேன். இதுவரை சொந்தமாக இரண்டு கார்டு போட்டிருக்கிறான், இரண்டிலும் எழுத்துப்பிழை.