ஆறு அங்குலத் திரையும் டெம்மி அளவுத் தாளும்

மின்னூல் வாசிப்பான் வாங்கலாமா, கையிலிருக்கும் செல்பேசியே போதுமா, டேப்லெட் ஒன்று எடுத்துவிட்டால் எல்லாவற்றுக்கும் ஆகுமா என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் படிக்க நினைத்திருக்கும் தமிழ் நூல்கள் இப்போது எந்த வடிவில் கிடைக்கின்றன? அண்மையில் வந்த நாவல் என்றால் யூனிகோட் எழுத்தில் அமைந்த மின்னூலாகக் கிடைக்க வாய்ப்புண்டு. அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் அச்சான பயண நூல் என்றால் பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆகத்தான் கிடைக்கும். இரண்டுக்கும் நடுவே எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த நூல்கள் பலவற்றைப் பழைய புத்தகக் கடையில்தான் தேட வேண்டியிருக்கிறது. இந்த மூன்று வகைக்கும் சேர்த்து ஒரே கருவி நன்றாக அமைவதில்லை என்பதே நான்கைந்து ஆண்டுகளாக ஆறு அங்குல மின்மை (இ-இங்க்) வாசிப்பான், பத்து அங்குல டேப்லெட், செல்பேசி, அச்சுப் புத்தகம் ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில் நான் கண்டது. என்னிடமுள்ள கருவிகள் எந்த நிறுவனத்துடையவை என்பது இங்கே தேவையில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை அளவாலும் எழுத்தாலும் வருபவை.

முதலில் மின்மை வாசிப்பான். இதன் திரையில் நுண்ணிய குமிழ்களுக்குள் கறுப்புத் துகள்களும் வெள்ளைத் துகள்களும் மிதக்கின்றன. மின்னழுத்தம் கொடுக்கும்போது ஒரு நிறம் மேலே வருகிறது, மற்றது கீழே இறங்குகிறது. வந்து நின்றபின் அங்கேயே நிற்பதற்கு மின்சாரம் தேவையில்லை. பக்கம் புரட்டும் நொடியில் மட்டும் மின்சாரம் செலவாவதால் ஒரு முறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் ஓடுகிறது. தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை செல்லும் மின்சார ரயிலில் காலை நேரத்தில் கிழக்குப் பக்கச் சன்னலோரம் இடம் கிடைத்தால், வெயில் முகத்தில் அடிக்க அடிக்கச் செல்பேசித் திரை மங்கிக்கொண்டே போகும். மின்மைத் திரையோ வெயில் ஏற ஏறத் தெளிவாகும். கூட்டம் ஏறியபின் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையின் கட்டைவிரலாலேயே பக்கம் புரட்ட முடிகிறது. உறையோடு சேர்த்துச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 290 கிராம் காட்டியது. என் அலமாரியிலுள்ள கெட்டி அட்டை நாவல் ஒன்று அதே தராசில் 1 கிலோ 120 கிராம். நின்றுகொண்டு படிப்பவனுக்கு இந்த வேறுபாடு போதும்.

2007 நவம்பரில் அமேசானின் கிண்டில் வாசிப்பான் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதன் மின்னூல் கடையில் தமிழ் நூல்கள் முறையாக இடம்பெற்றது 2016 டிசம்பரில், இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளத்தோடு சேர்ந்து. ஆனால் தமிழில் மின்னுரை அதற்கு வெகு காலம் முன்பே இருந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் சங்க நூல்கள் முதல் நாட்டுடைமையாக்கப்பட்ட நாவல்கள் வரை தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்து வருகிறார்கள். அந்தக் கோப்புகளையே ஈபப் (EPUB) என்னும் மின்னூல் வடிவில் மாற்றிப் போட்டுத்தான் என் வாசிப்பானை முதன்முதலில் பழகினேன். ஐந்து பாகச் சரித்திர நாவல் ஒன்றை முப்பது ரயில் பயணங்களில் முடித்தபோது, நீண்ட கதைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை என்ற முடிவுக்கு வந்தேன். அந்த முடிவு இன்றுவரை மாறவில்லை.

ஆனால் தமிழ்ச் சொல்லின் நீளத்தை இந்தச் சின்னத் திரை எளிதில் தாங்குவதில்லை. ‘பேசிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பது பதினெட்டு எழுத்துகள் கொண்ட ஒரே சொல். கண்புரை அறுவை முடிந்து வந்த அம்மாவுக்காக எழுத்தளவை இரண்டு மூன்று படி கூட்டிக் கொடுத்தேன். அந்த அளவில் ஒரு வரிக்கு இரண்டு சொல் நின்றது. இத்தகைய நெடுஞ்சொல் வந்தால் அது தனியாகவே ஒரு வரியை எடுத்துக்கொண்டது. இரு ஓரமும் சீராக இருக்க வேண்டுமென்று கருவி முயன்றதால், முந்தைய வரியிலிருந்த இரண்டு குட்டிச் சொற்கள் ஒன்று இடக்கோடியிலும் மற்றது வலக்கோடியிலும் போய் நின்றன. ஆங்கிலச் சொல்லை அசை பார்த்து ஒட்டுக்குறியிட்டு உடைக்கத் தெரிந்த மென்பொருளுக்குத் தமிழ்ச் சொல்லை எங்கே உடைப்பது என்று தெரியவில்லை. இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக இருக்கும்படி அமைப்பை மாற்றியபின் ஓரளவு சரியானது. அகராதியும் இப்படித்தான். ‘மரத்திலிருந்து’ என்பதை அழுத்தினால் ‘மரம்’ என்று கண்டுபிடித்துப் பொருள் சொல்ல அதற்குத் தெரியவில்லை. அருகில் செல்பேசியை வைத்துக்கொண்டு, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகனின் இணைய வடிவில் தேடிக்கொள்கிறேன்.

உரைநடைக்கு இவ்வளவுதான் தொல்லை. செய்யுளுக்கு வந்தால் வாசிப்பான் முழுமையாகத் தோற்கிறது என்பேன். ஆசிரியப்பாவின் அடிக்கு நான்கு சீர். நடுத்தர எழுத்தளவில் ஆறு அங்குலத் திரையின் அகலத்துக்கு மூன்று சீர்தான் அடங்கும். நான்காவது சீர் மடங்கிக் கீழ்வரியில் தனியே விழும். நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றுக்கு முந்தைய அடி மூன்று சீராக வரும் என்பதும், வெண்பாவின் ஈற்றடி மூன்று சீரோடு முடியும் என்பதும் யாப்பின் அடிப்படை. எல்லா அடியும் மூன்றுமூன்றாக உடைந்து கிடக்கும் திரையில் அந்த ஓர் அடி குறைந்து நிற்பதைக் கண்ணால் பிடிக்க வழியே இல்லை. கருவியைக் குறுக்குவாட்டில் திருப்பினால் அடி முழுதாகத் தெரியும், ஆனால் பத்து வரிக்கு மேல் பக்கத்தில் நிற்காது. உரையைப் பார்க்க முன்னும் பின்னும் புரட்ட வேண்டும். பாட்டு மேலே, பதவுரை கீழே, அடிக்குறிப்பு அதற்கும் கீழே என்று ஒரே பார்வையில் விரியும் அச்சுப் பக்கத்துக்கு ஈடாக எந்தத் திரையையும் நான் இன்னும் பார்க்கவில்லை. சங்க நூல்களையும் அவற்றின் உரைகளையும் நான் காகிதத்தில் மட்டுமே படிப்பதற்குக் காரணம் இதுதான். காகித வாசம், தொடுகை என்று சொல்லப்படுபவற்றில் எனக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது.

அடுத்தது ஸ்கேன் நூல்கள். டேப்லெட் வாங்கலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பவை இவைதாம். ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005 முதல் இயங்கிவரும் நூலகம் திட்டம், தமிழ்நாட்டில் தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017 இல் தொடங்கிய தமிழ் மின்னூலகம் ஆகிய இரண்டிலும் ஓர் ஆயுளுக்குப் போதுமான நூல்கள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் பக்கங்களின் படங்கள். நம் நூல்களில் மிகுதியானவை டெம்மி அளவு, அதாவது ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் அகலமும் 21.5 சென்டிமீட்டர் உயரமும். ஆறு அங்குலத் திரையோ 9 சென்டிமீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் உயரம். முழுப் பக்கத்தையும் அதில் அடக்கினால் எல்லாமே பாதியளவுக்குக் கொஞ்சம் மேலாகச் சுருங்கிவிடும். 11 புள்ளி எழுத்து 6 புள்ளியாகத் தெரியும். பெரிதாக்கி நகர்த்திப் படிக்கலாம் என்பது பேச்சுக்குத்தான். மின்மைத் திரையில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் திரை ஒரு முறை கறுத்து வெளுத்து, பழைய பக்கத்தின் நிழலையும் கொஞ்சம் விட்டுவைக்கும். இரண்டு பக்கம் படிப்பதற்குள் பொறுமை தீர்ந்துவிடும். பதினாறுக்குப் பத்து என்ற விகிதத்திலுள்ள பத்து அங்குல டேப்லெட்டின் திரை உயரம் ஏறத்தாழ 21.5, அகலம் 13.5 சென்டிமீட்டர். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல, ஆனாலும் டெம்மித் தாள் அப்படியே அதில் உட்கார்ந்துகொள்கிறது. ஓரங்களை வெட்டிவிட்டால் அசல் புத்தகத்தைவிடச் சற்றுப் பெரிதாகவே படிக்கலாம்.

ஸ்கேனுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. 1978 இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொள்வதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் தும்பிக்கை போல வளைந்த கொம்போடும், ணா, றா, னா ஆகியவை சுழித்த வடிவிலும் இருக்கும். தட்டச்சு செய்த மின்னூலில் இவை எல்லாம் இன்றைய வடிவுக்கு மாறிவிடுகின்றன. ஸ்கேனில் அப்படியே நிற்கின்றன. ஐம்பதுகளின் சிறுகதைத் தொகுப்பு ஒன்றை டேப்லெட்டில் திறந்து அம்மாவிடம் நீட்டியபோது, “இந்த எழுத்தத்தான்டா நாங்க ஸ்லேட்டுல எழுதிப் பழகினோம்” என்று சொல்லிவிட்டு அன்று மாலை முழுவதும் அதை விடவில்லை. என் மகளோ ‘தலை’ என்ற சொல்லிலேயே நின்றுவிட்டாள். பக்கத்தின் படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள்களும் அவளைப் போலத்தான் இந்த இடங்களில் தடுக்கி விழுகின்றன. போதாக்குறைக்கு ரகரத்தையும் துணைக்காலையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டுவிடுகின்றன; பார்வைக்குச் சரியாகவே இருக்கும் அந்தச் சொல்லைத் தேடினால் மட்டும் அகப்படாது. ஆகவே பழைய நூலின் ஸ்கேனை எழுத்தாக மாற்றி வாசிப்பானில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் மெய்ப்புப் பார்ப்பதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

ஸ்கேனும் இல்லாமல் யூனிகோடும் இல்லாமல் நடுவில் ஒரு வகை இருக்கிறது. தொண்ணூறுகளிலும் இரண்டாயிரங்களின் தொடக்கத்திலும் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் அவை. உரிய எழுத்துரு இல்லாத கருவியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகவும், புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியாகவும் தெரியும். நண்பர் அனுப்பிய கட்டுரைத் தொகுப்பு ஒன்று வாசிப்பானில் அப்படித்தான் வந்தது. கணினியில் எழுத்துரு மாற்றியில் இட்டு யூனிகோடாக்கியபின் ஒழுங்கானது. செல்பேசி, டேப்லெட், வாசிப்பான் மூன்றுக்கும் இதில் வேறுபாடு இல்லை.

செல்பேசியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மருத்துவர் அறை வாசலில் காத்திருக்கும் இருபது நிமிடத்தில் ஒரு சிறுகதை படிக்க அதுவே நல்லது, ஏனெனில் கையில் இருப்பது அதுதான். நாவலுக்கு ஆகாது. மூன்றாவது பக்கத்தில் யாராவது குடும்பக் குழுவில் காலை வணக்கம் அனுப்புவார்கள். ஒலிநூலைச் சமையல் வேலையின்போது கேட்டுப் பார்த்தேன். உரையாடல் மிகுந்த கதைக்கு நன்றாக இருக்கிறது, பெயர்களும் ஊர்களும் நிறைந்த வரலாற்று நூலில் எங்கே தவறவிட்டோம் என்று பின்னோக்கித் தேடுவதே வேலையாகிவிடுகிறது.

உறுதி என்று பார்த்தால் அச்சுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் எதுவும் வராது. என் முதல் வாசிப்பான், பைக்குள் சாப்பாட்டு டப்பாவோடு நெருங்கி உட்கார்ந்ததில் மேல்கண்ணாடிக்குக் கீற்றல்கூட விழாமல் உள்ளே உடைந்துபோனது. பழுது பார்க்கக் கேட்ட தொகைக்குச் சற்று மேலே கொடுத்தால் புதியதே கிடைக்கும் என்பதால் விட்டுவிட்டேன். அன்று படித்துக்கொண்டிருந்த பக்கத்தின் கீழ்ப்பாதி, மூன்று ஆண்டுகளாக மின்னேற்றமே இல்லாமல் இன்னும் அதன் திரையில் நிற்கிறது. நூல் என்னவோ கணக்கில் பத்திரமாக இருந்தது, புதுக் கருவியில் அதே இடத்திலிருந்து தொடர்ந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் கணக்கில் இருப்பது படிக்கும் உரிமம் மட்டுமே. 2009 ஜூலையில் அமேசான், விற்பனை உரிமை இல்லாத ஒருவர் ஏற்றிவிட்டிருந்த இரண்டு ஆங்கில நாவல்களை வாங்கியவர்களின் கருவிகளிலிருந்து தானே நீக்கிப் பணத்தைத் திருப்பித் தந்ததும், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழி மாற்றிக்கொள்ளும் வசதியை 2025 பிப்ரவரியில் நிறுத்தியதும் இந்த இடத்தில் நினைவுக்கு வருகின்றன. மதுரைத் திட்டக் கோப்புகளுக்கும் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் வரும் மின்னூல்களுக்கும் இந்தக் கவலை இல்லை. ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டால் நம்முடையவை.

செலவு செய்ய ஒரே ஒரு வாய்ப்புத்தான் என்றால் என் பரிந்துரை படிப்பவரைப் பொறுத்து மாறும். நாவலும் கட்டுரையுமாக ஆண்டுக்கு இருபது முப்பது நூல் படிப்பவருக்கு ஆறு அல்லது ஏழு அங்குல மின்மை வாசிப்பான். ஆய்வு மாணவர்களுக்கும் பழைய இதழ்களைத் தோண்டுபவர்களுக்கும் தயங்காமல் டேப்லெட், அதுவும் விலை குறைந்ததே போதும். வண்ண மின்மைத் திரை என்று இப்போது வருபவற்றில் வண்ணப் பகுதியின் கூர்மை கறுப்பு வெள்ளையில் பாதிதான்; அட்டைப்படம் பார்ப்பதற்காக அந்தக் கூடுதல் தொகையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பத்து அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட மின்மைக் கருவிகளில் டெம்மிப் பக்கம் ஏறக்குறைய முழு அளவில் அமைகிறது, ஆசிரியப்பாவின் நான்கு சீரும் ஒரே வரியில் நிற்கின்றன. கடையில் ஒரு முறை கையில் வாங்கிப் பார்த்தேன். என் வாசிப்பானுக்குக் கொடுத்ததைப் போல நான்கு மடங்குக்கும் மேல் விலை சொன்னார்கள். அம்மாவின் மேசையில் டேப்லெட்டும் என் பையில் பழைய ஆறு அங்குலமும்தான் இப்போதைக்கு.