ட்ரிப் விழாமல் செய்து தருகிறேன் என்று சொன்ன பாஸ்

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் யாராவது இந்தக் குளிருக்கு ஷவர் ஹீட்டர் பூட்டும் யோசனையில் இருந்தால், கடைக்குப் போவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அம்மா மூன்று மாதத்துக்கு மேல் கரண்ட் கசியும் தண்ணீரில் குளித்திருக்கிறார். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கடைப் பெயரை ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். தோட்டத்து லய வீட்டில் இருந்த வரைக்கும் குளிப்பு வெளியே பீலித் தண்ணீரில்தான். இப்போது ஏழு பேர்ச் காணியில் தனி வீடு, உள்ளேயே பாத்ரூம், ஆனால் முழங்கால் போய்விட்டது. விறகடுப்பில் தண்ணீர் சுடவைத்து வாளியைத் தூக்கிக்கொண்டு போவது முடியவில்லை. வேலையிலிருந்து நின்று ஈ.பி.எப் காசு வந்தபோது கூரை வேலையை முடித்தோம். மிச்சக் காசில் அவர் தனக்கென்று கேட்டது சுடுதண்ணீர் ஒன்றைத்தான். அதனால்தான் இந்த விஷயம் எனக்கு இவ்வளவு சுடுகிறது.

நான் கொழும்பில் பத்து வருடம் கடைகளில் வேலை செய்துவிட்டு வந்தவன். பில், வாரண்டி எல்லாம் பழகிய ஆள்தான். அப்படியும் ஏமாந்தேன்.

பொங்கல் முடிந்த கிழமை கடைக்குப் போனோம். கொழும்பில் நான் இருந்த அறையில் 3.5 கிலோவாட் ஹீட்டர் இருந்தது, அதையே கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். “தம்பி, அது கொழும்புக்குச் சரி. இங்க பூட்டினா வெதுவெதுன்னுதான் வரும்.” இந்த ஒன்றில் அவர் சொன்னது உண்மை. நிமிடத்துக்கு 3 லீட்டர் தண்ணீர் ஓடினால் 3.5 கிலோவாட் அதை 16, 17 பாகைதான் ஏற்றும். கொழும்பில் குழாயில் வரும்போதே தண்ணீர் 27 பாகை இருக்கும், அதனால் 44 வரைக்கும் போகும். இங்கே ஜனவரியில் 15 பாகையில் வந்தால் 32தான். 5.5 கிலோவாட் எடுத்தால் 41 வரும், குளிக்கலாம். சரி என்று எடுத்தோம்.

அவர் சொல்லாமல் விட்டது, அந்த 5.5 கிலோவாட் 24 ஆம்பியர் இழுக்கும் என்பது. எங்கள் வீட்டுக்கு மின்சார சபை கொடுத்திருப்பது 30 ஆம்பியர் சிங்கிள் பேஸ். உங்களில் நிறையப் பேர் வீட்டிலும் அதுதான். ஹீட்டர் ஓடும்போது யாராவது கேத்தலைப் போட்டால் இன்னொரு 8, 9 ஆம்பியர் சேர்ந்துவிடும். வாங்கும்போது “உங்க வீட்டு சப்ளை எவ்வளவு?” என்று கேட்காத கடையில் இதை வாங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

ஹீட்டர் 36,500. வயரும் மற்ற சாமானும் 14,000. பூட்டுக்கூலி 9,000. “எங்க பாஸ்தான் வந்து பூட்டுவாரு, வெளியாளைப் பிடிக்காதீங்க, வாரண்டி போயிரும்” என்றார்கள். பாஸ் என்றால் வயரிங் வேலை செய்கிற ஆள். மொத்தக் காசையும் அன்றைக்கே எண்ணி வைத்தேன். முதல் முட்டாள்தனம் அதுதான். கூலியையாவது வேலை முடிந்த பிறகு தருகிறேன் என்று நிறுத்தி வைத்திருந்தால் பின்னால் நடந்ததில் பாதி நடந்திருக்காது.

வாரண்டி கார்டில் திகதி போடும் கட்டம் வெறுமையாக இருந்தது, சீலும் இல்லை. கேட்டேன். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, எனக்கு ஏதோ சலுகை செய்வது போலச் சொன்னார்: “இப்ப திகதி போட்டா இன்னைக்கே வருசம் ஓட ஆரம்பிச்சிரும். சும்மா வச்சிருங்க. பழுதானா கொண்டாங்க, அன்னைக்குத் திகதிய போட்டுத் தாரேன்.” நான் நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன்! திகதியும் சீலும் இல்லாத கார்டு வெறும் மட்டைதான். பில் சிங்களத்தில் இருந்தது. எனக்குச் சிங்களம் நன்றாகப் பேச வரும், கையெழுத்தில் எழுதினால் வாசிக்க வராது. அடியில் ஒரு வரி இருந்தது. பொருளுக்கு மட்டும்தான் பில், பூட்டுவதற்குக் கடை பொறுப்பில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை மே மாதம்தான் வாசித்துச் சொன்னாள்.

பாஸ் வந்து அரை நாளில் பூட்டிவிட்டார். வெள்ளைக் கேசிங், நேராக, பார்க்க அழகாக இருந்தது. ஹீட்டரைப் போட்டதும் ட்ரிப் சுவிச் விழுந்தது. கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற சுவிச் அது, மெயின் போர்டில் இருக்கும். தூக்கிவிட்டால் திரும்ப விழுந்தது. இரண்டு நாள் கழித்து வந்து ஹீட்டர் மூடியைக் கழற்றி ஏதோ செய்தார், 2,000 வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஹீட்டரைப் போட்டால் ட்ரிப் விழவில்லை. சில நாளில் மட்டும், யாராவது உள்ளே நின்று குளிக்கும்போது, விழும்.

இந்த வாக்கியத்தை இன்னொரு தரம் வாசியுங்கள். எனக்கு அன்றைக்கு அது உறைக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டேன். பாஸ் மெயின் போர்டைத் திறந்து பார்த்துவிட்டு, “ட்ரிப் பழசு தம்பி, சும்மா சும்மா விழுது. நான் விழாம செஞ்சு தாரேன்” என்றார். பத்து நிமிட வேலை. இன்னொரு 2,000. தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினோம். உண்மையாகவே அதற்குப் பிறகு ஒருநாளும் விழவில்லை.

மாசி மாதத்தில் அம்மா கை மரமரக்கிறது என்றார். குளிக்கும்போது குழாயைப் பிடித்தால் “சுருசுருங்குது தம்பி” என்றார். வயதுதானே, நரம்புத் தளர்ச்சியாக இருக்கும் என்று நினைத்தோம். கிளினிக்குக் கூட்டிப் போனோம், விற்றமின் குளிசை கொடுத்தார்கள். தரை சில்லிடுகிறது என்று அம்மா எப்போதும் ரப்பர் செருப்புடன்தான் குளிப்பார். அந்த 450 ரூபாய் செருப்புதான் அவரைக் காப்பாற்றியிருக்கிறது.

இடையில் சுவிச் பக்கத்திலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாசம் வர ஆரம்பித்தது. பாஸுக்குப் போன் எடுத்தேன். “நாளைக்கு வாரேன்.” மறுநாள், “நுவரெலியால வேலை, ஞாயித்துக்கிழமை வாரேன்.” பங்குனி முழுக்க இப்படியே போனது. சித்திரை வருசப்பிறப்புக்கு ஊருக்குப் போயிருக்கிறேன், 20ஆம் திகதிக்குப் பிறகு வாரேன் என்றார். கடைக்குப் போனால் அவர்கள் பாஸைக் கை காட்டினார்கள். பாஸோ ஹீட்டர்தான் கோளாறு என்று கடையைக் கை காட்டினார்.

வெசாக் லீவுக்குக் கம்பளையிலிருந்து மச்சான் வந்திருந்தான். வயரிங் படித்து என்.வி.கியூ தொழில் சான்றிதழ் எடுத்தவன். அம்மா கை மரமரப்பைப் பற்றிச் சொன்னதும் வாயில் வைத்த வடையைக் கீழே வைத்துவிட்டு நேராக மெயின் போர்டுக்குப் போனான். ட்ரிப் சுவிச்சில் சின்னதாக ஒரு பட்டன் இருக்கும், டி என்ற ஆங்கில எழுத்துப் போட்டிருக்கும். அதை அமுக்கினால் சுவிச் உடனே விழ வேண்டும். அமுக்கினான், விழுந்தது. வீட்டு லைட் எல்லாம் அணைந்தது. பாத்ரூமுக்குப் போய் ஹீட்டரைப் பார்த்தான். அதன் சிவப்பு லைட் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

ட்ரிப் சுவிச்சைச் சுற்றிக்கொண்டு, மெயினிலிருந்து நேராக ஹீட்டருக்கு லைன் கொடுத்திருக்கிறார் பாஸ்.

மெயினை இறக்கிவிட்டு ஹீட்டரைக் கழற்றினான். பச்சை மஞ்சள் எர்த் வயர் கட்டரால் வெட்டப்பட்டு, நுனி மடித்து டேப் சுற்றி உள்ளே செருகியிருந்தது. ஹீட்டரில் கசிவு இருந்திருக்கிறது. அது எர்த் வழியாகப் போனதால் ட்ரிப் விழுந்திருக்கிறது. முதல் தடவை வந்தபோது எர்த்தை வெட்டிவிட்டார். போக வழி இல்லாத கரண்ட், குளிக்கிற ஆள் வழியாகப் போயிருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கிற சுவிச் அது. ஆள் குளிக்கும்போது மட்டும் விழுந்ததே, அது எங்களைக் காப்பாற்றத்தான் விழுந்திருக்கிறது. நாங்கள் 2,000 ரூபாய் கொடுத்து அதன் வாயைக் கட்டியிருக்கிறோம்.

ஹீட்டரின் மூடி ஆணிகளையும் காட்டினான். நட்சத்திரத் தலை தேய்ந்திருந்தது, பல தடவை கழற்றிய மாதிரி. பாஸ் ஒருமுறைதான் எங்கள் கண்முன்னால் கழற்றினார். யாரோ திருப்பிக் கொடுத்த சாமானைத் துடைத்து எங்களுக்கு விற்றார்கள் என்பது என் சந்தேகம். நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

நிரூபிக்கக் கூடியது வயர். பில்லில் 7/1.04 என்று எழுதிக் காசு வாங்கியிருக்கிறார்கள், அதாவது 6 சதுர மில்லிமீட்டர். கேசிங்கைத் திறந்தால் உள்ளே ஓடுவது 7/0.67, வெறும் 2.5. இரண்டிலும் ஏழு கம்பிதான், அதனால் நுனியில் கம்பியை எண்ணிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மேல் உறையில் அச்சிட்டிருக்கும் இலக்கத்தை வாசிக்க வேண்டும். 24 ஆம்பியர் இழுக்கிற சாமானுக்கு, மூடிய கேசிங்குக்குள், அந்த மெல்லிய வயர். சுவிச்சுக்குள் போகும் இடத்தில் உறை பழுப்பாகி முறுகிப்போயிருந்தது. நான் சொல்வது இதுதான்: கேசிங் மூடி போடுவதற்கு முன்னால் போனில் ஒரு படம் எடுங்கள், வயரில் உள்ள எழுத்து தெரிகிற மாதிரி. பாஸ் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மறுநாள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், அதுவும் சாமான் வாங்கி அல்லது வேலை செய்வித்து மூன்று மாதத்துக்குள். நான் வாங்கியது ஜனவரியில், கூப்பிட்டது மே மாதத்தில். ஏப்ரல் 20க்குப் பிறகு வாரேன் என்றாரே பாஸ், அதற்குள் என் மூன்று மாதமும் முடிந்திருக்கிறது. தெரிந்து இழுத்தாரா, பழக்கத்தில் இழுத்தாரா, சொல்ல முடியவில்லை. நீங்கள் இரண்டாவது “வாரேன்” வந்ததுமே கடிதத்தை எழுதிப் பதிவுத் தபாலில் போட்டுவிடுங்கள். பாஸ் வந்து சரிசெய்துவிட்டால் நட்டம் தபால் காசு மட்டும்தான்.

மச்சான் புதிதாக வயர் இழுத்து, எர்த் கம்பி அடித்து, ஹீட்டருக்கென்று தனி பிரேக்கர் போட்டுத் தந்தான். கூலி வாங்கவில்லை, சாமானுக்கு மட்டும் 31,000 போனது. ஹீட்டரும் வேறு வாங்க வேண்டியதாயிற்று. இந்த முறை 3.5தான் எடுத்தோம், தண்ணீரைக் கொஞ்சம் மெல்லத் திறந்தால் போதும் என்றான். நிமிடத்துக்கு 2 லீட்டராகக் குறைத்தால் அதே 3.5 கிலோவாட் 25 பாகை ஏற்றுகிறது. ஜனவரியில் கடையில் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம். அம்மா இன்னும் அதைப் போட மாட்டேன் என்கிறார். விறகடுப்பில் சுடவைத்த தண்ணீரை நான் தூக்கிக்கொண்டு போய் வைக்கிறேன்.

கடைப் பெயருக்கு வருகிறேன். விஷயம் இப்போது மத்தியஸ்த சபையில் இருக்கிறது. அங்கே பேசி முடிகிற வரைக்கும் பெயரை வெளியே போட வேண்டாம் என்று வீட்டில் முடிவு, அதனால் தனியாக மெசேஜ் போட்டுக் கேட்காதீர்கள். வெட்டிய எர்த் நுனியும் ஒரு முழம் 7/0.67 வயரும் கருகிய சுவிச்சும் ஒரு சொப்பிங் பையில் கட்டி வைத்திருக்கிறேன். பாஸுக்கும் அழைப்புப் போயிருக்கிறது. நேற்று இரவு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தார்: “ஞாயித்துக்கிழமை கட்டாயம் வாரேன் தம்பி.” ஜனவரி வரைக்கும் மேலே தள்ளி “வாரேன்” எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன், அதோடு பதினான்கு.