எந்நேரமும் அரட்டையா, வாரம் ஒரு தலைப்பா?

எங்கள் தோட்டக் குழு ஒரு கட்டத்தில் படுத்தேவிட்டது. காலை வணக்கப் படங்கள் மட்டும் தவறாமல் வந்தன. அதைத் தூக்கி நிறுத்த இரண்டு வழிகளையும் மாறிமாறி நடத்திப் பார்த்தேன்: யார் எப்போது வேண்டுமானாலும் எதையும் கேட்கலாம் என்று திறந்து விடுவது, அல்லது வாரம் ஒரு தலைப்பை அறிவித்து, சனிக்கிழமை அதை மட்டும் பேசுவது. இப்போது நடப்பது இரண்டாவது.

திறந்த அரட்டையின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. கட்டுப்பாடு இல்லை, புதியவர்கள் கூச்சப்பட மாட்டார்கள், அட்மினுக்கு வேலையில்லை. இதில் கடைசியாகச் சொன்னது சுத்தப் பொய்.

வேலை வருவது பதில் சொல்லும் இடத்தில். "மிளகாய் இலை சுருளுது, என்ன பண்ணலாம்?" என்று மங்கலாக ஒரு படம் வரும். ஐந்து நிமிடத்தில் நான்கு பேர் "வேப்பெண்ணெய் அடிங்க" என்பார்கள். இலை மேல்நோக்கிப் படகு போலச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். கவிழ்த்த படகு போலக் கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ் என்றால் எதை அடித்தாலும் அந்தச் செடி தேறாது, பிடுங்கத்தான் வேண்டும். விவரம் தெரிந்த ஒருவர் இதைப் பொறுமையாக எழுதுவார். பத்து நாள் கழித்து அதே கேள்வி, வேறொரு மங்கலான படம். நான்காவது முறை அவர் எழுத மாட்டார். அப்புறம் எதற்குமே எழுத மாட்டார். எங்கள் குழு படுத்தது அப்படித்தான்.

வாரத் தலைப்பில் அவருக்கு ஒரே ஒரு முறைதான் வேலை. பூசணி வாரத்தில் "பூ நிறைய, காயே இல்லை" என்று ஏழெட்டுப் பேர் சொன்னார்கள். காம்புக்கும் இதழுக்கும் நடுவில் குட்டிக் காய் இருந்தால் பெண் பூ. காலையிலேயே ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் தொட்டுத் தடவுங்கள் என்று ஒரே பதில் போனது. அதைத் தொகுத்து, குழுவின் மேலேயே நிற்கும்படி 'பின்' (pin) செய்து வைத்தேன். வாரத்துக்கு அரை மணி நேரம் போகிறது, அவ்வளவுதான். ஒரு வருடமாக வாயே திறக்காத ஒரு அக்கா மறுவாரம் பிஞ்சுப் படம் போட்டார்.

எங்களுடையது எண்பது பேருக்கு உட்பட்ட குழு. ஆயிரம் பேர் இருக்கும் இடத்தில் இது எடுபடும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். பூச்சி சனிக்கிழமை வரை காத்திருக்காது என்பதும் உண்மை. அதனால் அவசரக் கேள்விக்கு எல்லா நாளும் அனுமதி உண்டு: இலையின் மேல்புறம், அடிப்புறம் இரண்டின் படமும், எத்தனை மணி நேரம் வெயில் படுகிறது, எப்போது தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்ற விவரமும் இருக்க வேண்டும்.

காலை வணக்கக்காரர்கள் இருவர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். ஒருவர் திரும்பி வந்துவிட்டார், அடிப்பக்கம் கறுத்துப்போன தக்காளியின் படத்தோடு.